ஏழாம் கட்டில் விரிப்பு

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சமையற்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவே இருந்தது சலவைக்கூடம். "இந்தப் பக்கம் வயிறு, அந்தப் பக்கம் முடிவு, நடுவுல நம்ம அழுக்கு" என்பார் பாய்லர் அண்ணன். கொதிகலனைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர். அங்கே வேலைக்குச் சேர்ந்த யாராக இருந்தாலும் சீக்கிரமே ஒரு பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் எந்தச் சோடாவுக்கும் போகாது. அங்கே வேலை பார்த்த அண்ணி, நாத்தனார் இருவரில் அண்ணிக்காரிக்கு விழுந்த பெயர் கல்லுளி. நாத்தனாருக்குப் பட்டாசு.

பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். கல்லுளி துவைக்கிற மெஷினில் நிற்பவள். ஒருமுறை மெஷின் கதவின் ரப்பர் பிய்ந்து, கொதிக்கிற சோப்புத் தண்ணீர் கூடம் முழுக்கப் பாய்ந்தது. ஐயோ அம்மா என்று எல்லோரும் மேசைமேல் ஏறிவிட்டார்கள். இவள் மட்டும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓரமாக நடந்துபோய் மெயினை அணைத்துவிட்டு, "சரி, துடைப்பத்த எடுங்க" என்றாள். பட்டாசுக்கு அதெல்லாம் வராது. இஸ்திரி ரோலரில் ஒரு தலையணை உறை சுருண்டுகொண்டால் போதும். ரோலரைச் செய்தவன், விற்றவன், வாங்கிப் போட்டவன் என்று ஒருவன் விடாமல் வம்சத்தோடு இழுத்து வைப்பாள். வெடித்து முடிந்ததும் தானே சிரித்துவிடுவாள். அதனால் யாரும் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கல்லுளியின் புருஷன், அதாவது பட்டாசின் அண்ணன், போய்ச் சேர்ந்து வெகுகாலம். பட்டாசைக் கட்டியவன் கட்டிய வேகத்திலேயே விட்டுவிட்டு ஓடியவன். "ஓடுன அவசரத்துல செருப்ப மறந்துட்டான். அதுதான் அவன் எனக்கு வெச்ச சொத்து" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரே பிள்ளை. அண்ணி பெற்றாள், அத்தை தூக்கி வளர்த்தாள். வளர்ந்து பெயிண்டர் ஆனான். சாரம் கட்டி, உயரத்தில் நின்று, கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பான். சாயங்காலம் வரும்போது காதுமடலில் ஒருநாள் நீலம் இருக்கும், ஒருநாள் மஞ்சள்.

"மருமகனே, இன்னிக்கு எவன் வீட்டுச் சுவத்த காதுல பூசிக்கிட்டு வந்தே?" என்பாள் பட்டாசு.

"உனக்கும் ரெண்டு கோட்டிங் அடிச்சு விடவா அத்தை? கொஞ்சம் நெறம் ஏறும்."

"அடி செருப்பால."

"செருப்பு இருக்குன்னு தெரியும். மாமா விட்டுட்டுப் போனதுதானே?"

அண்ணி கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள். உதடு கொஞ்சம் கோணும். அதுதான் அவள் சிரிப்பு.

மழை பிடித்துக்கொண்ட நாளில் அவன் சாரத்திலிருந்து விழுந்தான். மேலே விட்டுவந்த வாளியை எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஏறினானாம். நனைந்த பலகை. தலைதான் முதலில் தரையைத் தொட்டிருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்தது இந்த ஆஸ்பத்திரிக்கே. ஐசியூவில் ஏழாம் கட்டிலில் போட்டார்கள். அன்று பிடித்த மழை விடவில்லை. முற்றத்துக் கொடிகள் எல்லாம் வெறுமனே நனைந்துகொண்டிருந்தன. அத்தனை துணியும் ரோலரிலேயே காய வேண்டியிருந்ததால் கூடத்துக்குள் ஆவி அடைந்துபோய், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் வேலை செய்தார்கள்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. அண்ணியையும் பட்டாசையும் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் சொன்னார். "மூளை போயிடுச்சும்மா. நெஞ்சு ஏறி இறங்குறது அவன் மூச்சு இல்ல, மெஷினோட மூச்சு. இனிமே எவ்வளவு காலம் வெச்சிருந்தாலும் இதேதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா மெஷின எடுத்துடலாம். அவசரப்படுத்தல. யோசிச்சுச் சொல்லுங்க."

பட்டாசு அந்தத் தாழ்வாரமே அதிரக் கத்தினாள். டாக்டரைப் பேசினாள், கட்டட மேஸ்திரியைப் பேசினாள், மழையைப் பேசினாள். அண்ணி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஆண்டவன் பாத்துக்குவான் டாக்டர்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள்.

கூடத்தில் பேச்சு வராமல் இருக்குமா? "பெத்த வயிறா அது, பாறாங்கல்லா?" என்றார்கள். "கல்லுளின்னு சும்மாவா பேர் வெச்சோம்" என்றார்கள். பட்டாசின் காதிலும் விழுந்தது. வெளியே அவர்களோடு சண்டைக்குப் போனாள். வீட்டுக்கு வந்து அண்ணியோடு சண்டை போட்டாள்.

"உனக்கு அழுகையே வராதா அண்ணி?"

"வந்தா அழுவேன்."

"எப்போ வரும்? நாள் பாத்துத்தான் வருமா?"

"அடுப்ப தணி. முட்டை அடிபிடிக்குது."

"முட்டை எக்கேடோ கெட்டுப் போவுது. நீ சொல்லு. ஆண்டவன் பாத்துக்குவான், பாத்துக்குவான்னு சொல்றியே, பொழச்சு வந்துடுவானா?"

"பாத்துக்குவான்னா பாத்துக்குவான். எது நல்லதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

"பலகை வழுக்கும்போது எங்க போயிருந்தான் உன் ஆண்டவன்? டீ குடிக்கப் போயிருந்தானா?"

"அவன அப்படிப் பேசாத" என்று சொல்லிவிட்டு அண்ணி சாப்பாட்டு டப்பா இரண்டையும் மூடினாள். ஒன்றில் தனக்கு, ஒன்றில் நாத்தனாருக்கு.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். பட்டாசு அத்தனை பேச்சு பேசினாளே தவிர, அவளுக்குப் பிடிமானமே அண்ணியின் அந்த நிதானம்தான். பெற்றவளே பதறவில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று நினைத்தாள். தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அண்ணிக்கு உள்ளே சொல்லப்பட்டிருக்கிறது என்று நினைத்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "அவ நம்புறா. அவளுக்காகவாவது எழுப்பிவிட்டுடு" என்று அதே ஆண்டவனிடம் கெஞ்சினாள். வெளியே வந்து மறுபடியும் திட்டினாள்.

ஐசியூ துணிக்கு ஒரு முறை உண்டு. ஒரு கட்டிலின் கிருமி இன்னொன்றுக்குப் போகக் கூடாதென்று விரிப்பின் ஓரத்தில் கட்டில் எண்ணைச் சிவப்பு நூலில் தைத்திருப்பார்கள். இன்னொரு முறையும் உண்டு. அதை யாரும் எழுதிப் போட்டதில்லை. கட்டிலில் இருந்தவர் இறந்துவிட்டால், அந்தக் கடைசி விரிப்பின் மூலையில் வார்டு ஆயா ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புவாள். இரண்டு தரம் கொதிக்கவைக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். முடிச்சு கண்ணில் பட்டால் யாராவது ஒருவர் "முடிச்சு" என்று மெல்லச் சொல்வார். ரேடியோவை அணைப்பார்கள். அது மெஷினுக்குள் போய்க் கதவு மூடுகிறவரை பாய்லர் அண்ணன்கூட வாயைத் திறக்க மாட்டார்.

வருகிற துணியைப் பிரிப்பது பட்டாசின் வேலை. உதறிப் பார்த்துத்தான் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். உள்ளே கத்தரிக்கோல் இருக்கும், ஊசி இருக்கும். ஒருமுறை யாரோ ஒரு பெரியவரின் பல் செட் இருந்தது. "சிரிச்சுக்கிட்டே வந்துடுச்சுடி" என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க எல்லோரையும் சிரிக்கவைத்தாள். இப்போது அவள் தேடுவது ஒன்றுதான். காலையில் வண்டி வந்ததும் ஐசியூ மூட்டையை அவிழ்ப்பாள். சிவப்பு ஏழைக் கண்டுபிடிப்பாள். நான்கு மூலையையும் தடவிப் பார்ப்பாள். இல்லை. மூச்சு வரும். பிறகுதான் தேங்காமல் வேலை ஓடும்.

அன்று வண்டி தள்ளுகிறவன் காய்ச்சலென்று வரவில்லை. லிஃப்டிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியவள் அண்ணி. நிறுத்திவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். பட்டாசு மூட்டையை அவிழ்த்தாள். ஏழு மேலேயே கிடந்தது. மூலையில் முடிச்சு இருந்தது.

தடவ வேண்டிய அவசியமே இல்லை. இறுக்கிப் போட்ட பெரிய முடிச்சு.

அவளுக்குச் சத்தம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். இத்தனை காலம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் வெடித்தவள், அந்த விரிப்பை அப்படியே சுருட்டி, மேசைக்கு அடியில் இருந்த கூடைக்குள் அமுக்கி, மேலே தலையணை உறைகளைப் போட்டு மூடினாள். திரும்பிப் பார்த்தாள். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு சோப்புத்தூள் அளந்துகொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்தில் உறை மடித்துக்கொண்டிருந்தவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். பட்டாசு பார்த்த பார்வையில் அடங்கிப் போனாள்.

உயிர் விடியற்காலையில் போயிருக்கும். டாக்டர் வந்து பார்த்து, எழுதி, கீழே ஆள் அனுப்பப் பொழுதாகும். அதுவரைக்கும் இவளுக்குப் பிள்ளை உயிரோடு இருக்கட்டும். சொல்லிவிட்டால் இனி எப்போது சாப்பிடப் போகிறாள்? ஒரு வாய் உள்ளே போகட்டும், பிறகு சொல்லலாம். இப்படி நினைத்தாள். அது இரக்கமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அண்ணி ரோலர் பக்கம் வந்து நின்றாள். "வா, மடிக்கலாம். குமிஞ்சு போச்சு."

விரிப்பு மடிப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, மூலையைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி விலக வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் அண்ணியின் முகம் கிட்டே வந்து கிட்டே வந்து போயிற்று. பட்டாசுக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பேசிக்கொண்டே இருந்தாள்.

"பாய்லர் அண்ணன் தலைக்குச் சாயம் அடிச்சிருக்கார் பாத்தியா அண்ணி? மழையில ஒழுகி சட்டைக் காலரெல்லாம் கருப்பு."

"அடி, காது கேக்கும் எனக்கு" என்றார் அவர் உள்ளேயிருந்து.

"கேக்கட்டும்னுதான் சொல்றேன். பொண்ணு ஏதாவது பாத்துட்டீங்களா?"

"உன்னத்தான் பாத்தேன். வாயப் பாத்துட்டு ஓடி வந்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் மூலையைக் கையில் கொடுக்கும்போது, "உனக்கு ஏன் கை இப்படி நடுங்குது?" என்றாள்.

"குளிரு."

"இந்த ஆவியிலயா?"

"எனக்குக் குளிருது அண்ணி. விடேன்."

அண்ணி விட்டுவிட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மூட்டைகளுக்கு நடுவே எப்போதும் உட்காருகிற இடம். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பட்டாசு அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய் உள்ளே போகும்போதும், இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அண்ணி நிதானமாக மென்று, டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள். தன் முட்டையை மட்டும் எடுத்து நாத்தனாரின் டப்பாவில் வைத்தாள்.

"எனக்கு வேணாம்."

"தின்னு. நேத்து ராத்திரியும் நீ சரியா சாப்பிடல. முன்னால கெடக்கு எவ்வளவோ வேல. தெம்பு வேணும்."

பட்டாசு தின்றாள். தண்ணீரைக் குடித்துக் குடித்து இறக்கினாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று டப்பாவை மூடினாள். "அண்ணி" என்று கூப்பிட்டாள்.

அப்போதுதான் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஐசியூ ஆயா வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள். வயசுப்பெண். வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவள்.

"அக்கா, ஏழாம் கட்டில் விரிப்பு வந்துச்சே, தைக்கக் குடுத்துட்டீங்களா? மாத்துறதுக்கு வேற இல்லைன்னு சிஸ்டர் கத்துறாங்க."

"தைக்கவா?" என்றாள் பட்டாசு.

"ஆமா. கட்டில் கம்பியில மாட்டி ஓரமா கிழிஞ்சிருந்துச்சு. அதுக்குத்தானே முடிச்சுப் போட்டு அனுப்புனேன்."

யாரோ போய் ரேடியோவை அணைத்தார்கள்.

"கிழிசலுக்கா முடிச்சுப் போட்ட?"

"நான் முன்னாடி இருந்த எடத்துல அப்படித்தான் போடுவோம். கிழிஞ்சா முடிச்சு, தையக்காரர்கிட்ட போயிடும். ஏன்க்கா, இங்க வேற மாதிரியா?"

"அந்தப் பையன்?"

"எந்தப் பையன்? ஏழா? இருக்கானே. இப்பதான் ஒடம்பு தொடச்சுவிட்டுட்டு வரேன்."

பட்டாசு வெடித்தாள். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடிப் பாவி, அடிப் பாவி, என் உசுர எடுத்துட்டியேடி" என்று முதுகில் இரண்டு போட்டாள். போட்ட கையோடு கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் அழத் தொடங்கிவிட்டாள். பாய்லர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அவளைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். பட்டாசு கூடைக்குள்ளிருந்து விரிப்பை உருவி எடுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கிழிசல் இருந்தது. சாண் நீளக் கிழிசல். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அண்ணி! பாத்தியா அண்ணி! உன் ஆண்டவன்..."

அண்ணி உட்கார்ந்த இடத்தில் இல்லை. மெஷினுக்குப் பின்னால், சுவரோரம், தண்ணீர் ஓடுகிற கால்வாய்ப் பக்கம் குந்தியிருந்தாள். முழங்காலில் முகம் புதைந்திருந்தது. தோள் குலுங்கியது. பட்டாசு இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. அண்ணன் போனபோதுகூட இப்படிப் பார்த்ததில்லை. அவளும் பக்கத்தில் குந்தினாள்.

"நீயும் பாத்தியா? முடிச்ச நீயும் பாத்தியா?"

"வண்டி தள்ளிட்டு வரும்போதே பாத்தேன்."

"அப்புறமும் சோப்பு அளந்துக்கிட்டிருந்தே? சோறு தின்னே?"

"நீ ஒளிச்சு வெச்சத பாத்தேன். எனக்காக ஒளிக்கிறேன்னு தெரிஞ்சுது. நான் தின்னாத்தானே நீ தின்னுவே."

"நீயெல்லாம் மனுஷியா அண்ணி?" என்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள் பட்டாசு. "சரி விடு. இருக்கான். ஒண்ணும் ஆகல. அழாத. சந்தோஷப்படு."

"சந்தோஷத்துக்கு அழல."

மெஷின் சுற்றி நின்றது. தண்ணீர் கால்வாயில் நுரையோடு ஓடியது.

"முடிச்ச பாத்ததும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு" என்றாள் அண்ணி.

"என்னது?"

"அப்பாடான்னு இருந்துச்சு. ஒடம்பே லேசாயிடுச்சு. ஆண்டவன் கேட்டுட்டான்னு நெனச்சேன். என் வாயால சொல்ல வைக்காம அவனே எடுத்துக்கிட்டான்னு நெனச்சேன். அந்த நெனப்புல நல்லா சாப்பிட்டேன்டி. பிள்ளை செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டு நல்லாச் சாப்பிட்டேன்."

பட்டாசு கையை எடுத்துக்கொண்டாள். "நீ அவன் எழுந்து வரணும்னுதானே வேண்டிக்கிட்டிருந்தே?"

"மொதல்ல அப்படித்தான். டாக்டரம்மா சொன்னப்புறம் இல்ல." அண்ணி மூக்கைத் துடைத்தாள். "எழுந்து வர்றவன் விரிப்பு எப்படி வரும்னு உனக்குத் தெரியாதா? கசங்கி வரும். புரளுவான், ஒதைப்பான், மூலைய புடிச்சு இழுப்பான். இவன் விரிப்பு எப்படி வருது? விரிச்சது விரிச்சபடி. ஒரு சுருக்கம் இல்ல. நான் தினமும் பாக்குறேன்."

பட்டாசும் அதை நாள்தோறும் கையில் எடுத்தவள்தான். முடிச்சு இருக்கிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மடியில் கிடந்த விரிப்பைப் பார்த்தாள். அவள் சுருட்டிய கசங்கலைத் தவிர வேறு கசங்கல் அதில் இல்லை.

"அப்போ எதுக்குடி பாத்துக்குவான் பாத்துக்குவான்னு சொன்னே? உன்ன நம்பித்தானே நான் நம்புனேன்! உனக்கு ஏதோ தெரியும்னு நெனச்சேனே! படுபாவி, இத்தன நாளா என்ன நம்ப வெச்சு நடுத்தெருவுல விட்டியே!"

"பாத்துக்குவான்னுதான் இன்னிக்கும் சொல்றேன். எடுத்துக்குவான்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் அவன்கிட்ட விட்டேன். அவன் திருப்பி எங்கிட்டயே விட்டுட்டான்."

பாய்லர் அண்ணன் வந்து மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. "மேல போய்ட்டு வாங்க ரெண்டு பேரும். மெஷின நான் பாத்துக்குறேன்" என்றார். சொல்லிவிட்டு ஆவிக்குள் போய்விட்டார்.

லிஃப்டில் துணி வண்டிதான் ஏற வேண்டும் என்பதால் படியேறிப் போனார்கள். அண்ணியின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். பட்டாசுக்குக் கோபம் இருந்தது. அண்ணி மேலா, தன் மேலா, யார் மேலென்று பிரிக்க முடியாத கோபம். ஆனாலும் அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

டாக்டரம்மா ஐசியூ வாசலிலேயே நின்றிருந்தார். முடிச்சு விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "மன்னிச்சுக்கோங்கம்மா, புதுப் பொண்ணு" என்றார்.

"அவ மேல தப்பில்ல" என்றாள் அண்ணி.

டாக்டரம்மா காத்திருந்தார். அண்ணி வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. பட்டாசுக்குத் தாங்கவில்லை.

"நான் சொல்லிடவா அண்ணி?"

"வேணாம்" என்றாள் அண்ணி. "அது உனக்கு வேணாம்." டாக்டரைப் பார்த்தாள். "எடுத்துடுங்க."

"சரிம்மா. வேற சொந்தக்காரங்க யாராவது பாக்கணும்னா சொல்லியனுப்புங்க. நாளைக்குக் காலையில..."

"இல்ல டாக்டர். இன்னிக்கே. நாளைக்குன்னா நான் மாறிடுவேன்."

இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். அவன் விரிச்சது விரிச்சபடிதான் கிடந்தான். தாடி வளர்ந்திருந்தது. முகத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். நெஞ்சு ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கியது. அவன் தூங்கும்போது இவ்வளவு ஒழுங்காக மூச்சு விட்டதே கிடையாது. வீடே அதிரக் குறட்டை விடுகிறவன்.

"மருமகனே" என்று தொடங்கினாள் பட்டாசு. தலையைத் தூக்கி, கூரைக்கு மேல் இருக்கிறவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "டேய், உனக்குக் கண்ணில்லையா? உன்னையே நம்பிக் கெடந்தவளுக்கு நீ குடுத்தது இதுதானா? நீ நல்லா இருப்பியா?"

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவன ஒண்ணும் சொல்லாத."

"இன்னுமா அண்ணி? இன்னுமா?"

"இன்னும்தான். கொஞ்ச நேரத்துல இவன் அவன்கிட்டதானே போகப் போறான். போற எடத்த ஏசி அனுப்பாத."

பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மகனின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். வேண்டுதல் சொல்லப் போகிறாள் என்றுதான் பட்டாசு நினைத்தாள்.

"டேய். எடுக்கச் சொன்னது அம்மாதான்டா. ஆண்டவன் இல்ல, டாக்டர் இல்ல, உன் அத்தை இல்ல. நான். அங்க போய்க் கோவிச்சுக்கிறதா இருந்தா என் மேல கோவிச்சுக்கோ. என்ன?"

பதிலுக்குக் காத்திருப்பவள்போல அப்படியே நின்றாள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார்.

அண்ணி நகரவில்லை.